கவ்விய தாராவைக் கையில் தரப் பழக்குவது: இளம் நாய்க்கான முழுமையான வழிகாட்டி

அறுவடை முடிந்த வயலில் தாராக்களை (வாத்துகளை) மேயவிடுகிறவர்களுக்கு மாலை நேரம்தான் சிக்கல். கூட்டம் வீடு திரும்பும்போது ஒன்றிரண்டு கோரைப் புல்லுக்குள் ஒதுங்கிவிடும். இருட்டிவிட்டால் அவை நரிக்குத்தான். நல்ல நாய் ஒன்று இருந்தால் தேடிப் போய்க் கவ்விக் கொண்டுவரும். ஆனால், கொண்டுவந்ததைத் தராத நாயால் நரியைவிட அதிகச் சேதம் வரும். இழுபறியில் தாராவின் சிறகு முறியும். இல்லாவிட்டால் நாய் அதைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அப்பால் ஓடும்.

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்தின் வாய்க்காலை ஒட்டிய எங்கள் வளவில் இரண்டு நாய்களுக்கு இதைப் பழக்கியிருக்கிறேன். பிறகு அயலில் நாலைந்து தம்பிமார் தங்கள் குட்டிகளோடு வந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். முதலில் எறிந்து எடுத்துவரப் பழக்கினார்கள்; குட்டி ஓடிப் பிடிப்பதில் ருசி கண்ட பிறகு, விடச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார்கள். வரிசை தலைகீழாகிவிட்டது. தருவதை முதலில் பழக்க வேண்டும், எடுத்துவருவதைப் பிறகு. இந்த ஒன்றை மாற்றினாலே பாதி வேலை குறையும்.

இங்கே சொல்வதெல்லாம் வீட்டுப் பறவைகளுக்கானது. காட்டுக்கோழியும் மயிலும் குளத்துக்கு வரும் பறவைகளும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றின் மேல் நாயை ஏவக் கூடாது. வேட்டை நாய்களின் வழிவந்த குட்டி என்றால், இந்தப் பழக்கம் இன்னும் அவசியம். தவறிப்போய் எதையாவது கவ்வினாலும் ஒரு சொல்லில் விட்டுவிடும்.

1. தொடங்குமுன் வேண்டியவை

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் மூன்றாம் பகுதியில் சொல்லும் மாற்று விளையாட்டைத் தொடங்கலாம். எறிந்து எடுத்துவரும் வேலையை ஏழு மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நான்காம் மாதத்திலிருந்து பாற்பற்கள் 28உம் விழுந்து, நிரந்தரப் பற்கள் 42 முளைக்கும். அந்தக் காலத்தில் முரசு (பல் ஈறு) நோகும். நோகும் வாயில் எதையாவது திணித்தால், வாயில் பிடிப்பதே வலி என்று குட்டி மனத்தில் பதித்துக்கொள்ளும். அல்லது முரசு அரிப்புக்குக் கடித்துக் கடித்துப் பழகிவிடும். இரண்டும் பின்னால் திருத்தக் கடினமானவை.

விசர்நோய்த் தடுப்பூசி போடாத குட்டியோடு வாய்க்குள் கை போகும் எந்தப் பழக்கத்தையும் தொடங்க வேண்டாம். தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும்.

பொருட்கள் அதிகம் தேவையில்லை. ஒரு கழுத்துப்பட்டி, பத்து முழ மெல்லிய கயிறு, ஒரு விசில், தும்புப் பொம்மை இரண்டு. பொம்மையை வீட்டிலேயே செய்யலாம். பழைய சாரத் துணியில் ஒன்றரைச் சாண் நீளத்துக்குப் பை தைத்து, தேங்காய்த் தும்பை இறுக்கி அடைத்து, வாயைக் கட்டிவிடுங்கள். முந்நூறு கிராம் அளவில் இருந்தால் போதும். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மரக்கட்டையும் பிளாஸ்டிக் போத்தலும் வேண்டாம். கடினமான பொருள் பல்லை அழுத்திக் கடிக்கத் தூண்டும்.

தீனுக்குக் கோழி ஈரலை உப்பில்லாமல் அவித்து, சுண்டுவிரல் நகத்தளவு துண்டுகளாக வெட்டுங்கள். கறிச்சட்டியில் மிஞ்சியது கூடாது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. தாராவின் ஈரலைத் தவிர்த்துவிடுங்கள். நாளைக்கு அந்த மணமுள்ள பறவையை அது வாயில் வைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

காலை ஏழு மணிக்கு முன், அல்லது மாலை ஐந்துக்குப் பின் பழக்குங்கள். புறங்கையை மணலில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் பொறுக்காது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டினி போட வேண்டாம். பசித்த நாய் எதையும் விட மனம் வராமல் விழுங்கப் பார்க்கும்.

2. எந்தச் சொல்?

இதை யாரும் யோசிப்பதில்லை. நாம் நாயை ஏவும்போது “பிடி” என்கிறோம்; விடச் சொல்லும்போது “விடு” என்கிறோம். காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் குறில், இரண்டுக்கும் நடுவில் ஒரே ‘ட’கரம். பத்து யார் தூரத்தில் காற்றடிக்கும்போது, நாய்க்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பதற்றத்தில் நாம் “விடு விடு விடு” என்று கத்தும்போது அது இன்னும் இறுகக் கவ்வுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். போதாக்குறைக்கு, வீட்டில் நாள் முழுவதும் “அதை விடு”, “போக விடு” என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். காதுக்குப் பழகிப்போன சொல்லுக்கு நாய் மதிப்புக் கொடுக்காது.

அதனால் “தா” என்ற சொல்லை எடுத்தேன். நெடில், வாய் திறந்து சொல்வது, கோபமாகச் சொல்லவும் வராது. ஆனால் அதிலும் ஒரு குழி இருந்தது. என் முதல் நாய் வீரனை “வா” என்றுதான் கூப்பிடுவேன். தாராவோடு வரும்போது நான் “வா, வா” என்றதும், பாதி வழியில் வாயைத் திறந்து போட்டுவிட்டான். “வா”வும் “தா”வும் அவனுக்கு ஒன்றாகக் கேட்டிருக்கின்றன. தாரா வாய்க்காலுக்குள் போய்விட்டது, தவறு என்னுடையது. அன்றிலிருந்து கூப்பிட விசில், வாங்க “தா”. நீங்களும் அப்படியே செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மா “போடு” என்றும் தம்பி “விடு” என்றும் சொன்னால் குட்டி குழம்பும்.

3. மாற்றிக்கொள்ளும் விளையாட்டு

மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கப்போகிறது. இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அவசரப்படுகிறவர்கள் இரண்டு நாளில் தாண்டிவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருகிறார்கள்.

எறிய வேண்டாம். குட்டியின் அருகில் குந்தியிருந்து, ஒரு பொம்மையை நிலத்தில் மெல்ல அசையுங்கள். கவ்வட்டும். கவ்வியதும் நீங்கள் பிடித்திருக்கும் முனையை உங்கள் முழங்காலோடு சேர்த்து அசையாமல் நிறுத்துங்கள். இழுக்கக் கூடாது. இழுத்தால் எதிர்ப்பக்கம் இழுப்பது நாயின் இயல்பு. அசைகிற பொருள் அதற்கு உயிருள்ள இரை. அசையாத பொருளில் பிடி தானாகத் தளரும்.

இப்போது மற்றக் கையில் ஈரல் துண்டை மூக்கின் முன் கொண்டுபோங்கள். வாய் திறக்கும் அந்த நொடியில் “தா” என்று ஒருமுறை சொல்லுங்கள். ஈரலைக் கொடுங்கள். அது விழுங்கியதும் அதே பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுப்பதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். வாங்கிய பொம்மையைச் சட்டைக்குள் ஒளித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். குட்டி என்ன கற்கிறது? “தா” என்றால் உள்ளதும் போகும். அடுத்த முறை அந்தச் சொல் கேட்டதும் ஓடும். பத்தில் ஒன்பது தடவை திருப்பிக் கொடுத்தால், கொடுத்தாலும் திரும்பி வரும் என்ற நம்பிக்கை பிறக்கும். அந்த நம்பிக்கை உள்ள நாயை நீங்கள் துரத்தவே தேவையில்லை.

மூன்று நான்கு நாள் கழித்து வரிசையை மாற்றுங்கள். முதலில் “தா”. ஒரு மூச்சு விடும் நேரம் பொறுங்கள். அதன் பிறகு ஈரல். சொல்லும் ஈரலும் ஒரே நேரத்தில் வந்தால் நாய் ஈரலைத்தான் பார்க்கும். சொல் காதில் ஏறாது. சொல் முன்னால் வந்து, ஈரல் பின்னால் வந்தால், சொல்லே ஈரலின் வருகையை அறிவிக்கும். ஒரு நாள் ஈரல் கை அசையும் முன்பே வாய் திறக்கும். அப்போது மனம் குளிரப் பாராட்டுங்கள். இரண்டு துண்டு கொடுங்கள்.

சொல்லை இரண்டாம் முறை சொல்லாதீர்கள். திறக்கவில்லையென்றால் வாயை மூடிக்கொண்டு, பொம்மையை அசையாமல் பிடித்தபடி காத்திருங்கள். என் கறுப்பி ஒரு நாள் ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடித்திருந்தாள். நான் அசையவில்லை. பெருமூச்சோடு விட்டாள். அதன் பின் அவள் அவ்வளவு நேரம் எடுத்ததே இல்லை.

இரண்டாவது பொம்மை இப்போது பயன்படும். ஈரலுக்குப் பதிலாக, அதே மாதிரியான மற்றப் பொம்மையைக் காட்டி மாற்றுங்கள். எப்போதும் ஈரல்தான் என்றால், கையில் ஈரல் இல்லாத நாளில் நாய் கணக்குப் பார்க்கும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ‘அதைவிட இது நல்லது’ என்று தெரிவுசெய்யாது.

வாயைத் திறக்க வைக்க உதட்டைப் பல்லோடு வைத்து நசுக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. காதை முறுக்குவதும் உண்டு. நாய் விடும், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் உங்கள் கை நெருங்கும்போதே ஒன்று பற்களை இறுக்கும், அல்லது இரண்டு முழம் முன்னாலேயே பயந்து போட்டுவிடும். இறுக்கினால் தாரா சாகும், போட்டால் தப்பி ஓடும்.

4. வைத்திருக்கவும் தெரிய வேண்டும்

தருவது நன்றாக வந்ததும் குட்டி ஈரலுக்காக அவசரப்பட்டுத் துப்பத் தொடங்கும். இது நல்ல அறிகுறிதான், ஆனால் இங்கேயே திருத்த வேண்டும். கையில் தராமல் நிலத்தில் போடும் நாய், உயிருள்ள தாராவைப் பிடித்தும் பயனில்லை.

குட்டி பொம்மையைக் கவ்வியிருக்கும்போது நெஞ்சையும் தாடையின் கீழ்ப்புறத்தையும் தடவுங்கள். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாதீர்கள், பொம்மையையும் தொடாதீர்கள். கை நெருங்கினால் பறிக்கப்போகிறார்கள் என்று இருந்தது, கை நெருங்கினால் தடவுவார்கள் என்று மாற வேண்டும். இரண்டு விநாடி, பிறகு ஐந்து, பிறகு பத்து. அதன் பிறகு உள்ளங்கையைத் தாடைக்குக் கீழே விரித்து வைத்து, பின்னர்தான் “தா”. கை முன்னால், சொல் பின்னால். இந்த வரிசை மாறக் கூடாது.

கீழே விழுந்தால் நீங்கள் குனிந்து எடுக்க வேண்டாம். இரண்டு அடி பின்னால் நகருங்கள். நீங்கள் விலகினால் அது மறுபடி கவ்விக்கொண்டு தொடர்ந்து வரும். முன்னால் பாய்ந்தால் போட்டியாகிவிடும்.

5. இப்போது எறியலாம்

வளவின் வேலியோரத்தில், ஒரு பக்கம் கிடுகு வேலி, மறுபக்கம் சுவர் என்று ஒடுங்கிய இடமாகப் பாருங்கள். பக்கவாட்டில் தப்ப வழியில்லாவிட்டால் நாய் உங்களிடம்தான் வரும். கயிறு கழுத்துப்பட்டியில் இருக்கட்டும், ஆனால் அதைப் பிடித்து இழுக்க வேண்டாம். அது ஓடாமலிருக்க மட்டும்.

நாலு யார் எறியுங்கள். எடுத்ததும் விசில். நீங்கள் பக்கவாட்டில் திரும்பிக் குந்துங்கள். நேராக நிமிர்ந்து நின்று கண்ணைப் பார்த்தால் இளம் நாய் தயங்கும், வட்டமடிக்கும். வந்ததும் உடனே வாங்காதீர்கள். நெஞ்சைத் தடவி, பத்து வரை எண்ணி, பிறகு கை, பிறகு “தா”.

ஒரு தடவைக்கு ஐந்து எறிவுக்கு மேல் வேண்டாம். பத்தில் எட்டு சரியாக வரும் வரை தூரத்தைக் கூட்ட வேண்டாம். தூரம் கூடும் நாளில் மற்ற எதையும் கூட்ட வேண்டாம்.

6. இறகு, பிறகு இறந்த தாரா

இந்தக் கட்டத்தில் நாயின் கண்ணே மாறும். தும்புப் பொம்மையைக் கையில் தந்த அதே நாய், இறகு மணம் வந்ததும் வேறு நாயாகிவிடும். அதனால் படிகளைச் சிறிதாக்குங்கள்.

முதலில் பொம்மையைச் சுற்றி நாலைந்து தாரா இறகுகளைக் கட்டுங்கள். எறிய வேண்டாம், மூன்றாம் பகுதிக்குத் திரும்பி, கையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முழுச் சிறகு. இரண்டு நாளில் பழகிவிடும். எறிவது அதன் பின்.

அடுத்தது, சமையலுக்கு அறுத்த தாரா. நோயில் செத்ததைப் பயன்படுத்தக் கூடாது. இறகோடு, முழுதாக, நன்றாகக் குளிர்ந்த பிறகு எடுங்கள். சூடான உடல் நாயைக் கிளறும்; இரத்தம் கசியும் உடல் நக்கத் தூண்டும். சிறகுகளை உடலோடு சேர்த்து ஒரு துணிப் பட்டியால் கட்டுங்கள், அல்லது பழைய காலுறை ஒன்றை உடலுக்கு மாட்டுங்கள். தொங்கும் சிறகு கண்ணில் அடித்தால் நாய் சிறகைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். உடலின் நடுவில் கவ்வப் பழக வேண்டும்.

எடையையும் கவனியுங்கள். முந்நூறு கிராமிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்கு ஒரேயடியாகப் போனால், தூக்க முடியாமல் இறுக்கிக் கடிக்கும். இடையில் பொம்மைக்குள் மணல் பொட்டலம் வைத்து எடையைக் கூட்டிவாருங்கள்.

வாங்கிய ஒவ்வொரு முறையும் பறவையைக் கையில் எடுத்து, இறகை ஒதுக்கி, நெஞ்செலும்பையும் விலா இருபுறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். தோல் கிழிந்திருக்கிறதா, விலா நொறுங்கியிருக்கிறதா? ஒருமுறை நொறுங்கினால் அது தற்செயலாக இருக்கலாம். மூன்று முறை என்றால் வாய் கடினம். அப்படியானால் தும்புப் பொம்மைக்குத் திரும்பி, பொம்மையை மெத்தையாகச் செய்து, எறியாமல் ஏந்திப் பிடிக்கும் பயிற்சியை மட்டும் இரண்டு வாரம் செய்யுங்கள்.

மென்று பார்ப்பது வேறு விஷயம். தாடை மெல்ல மெல்ல அசையும். இது பெரும்பாலும் கோபமல்ல. நாம் வாங்கத் தாமதித்ததால் வரும் சலிப்பு. வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்து, அசைவு தொடங்கும் முன் வாங்குங்கள்.

ஒரு பறவையை ஒரு நாளில் மூன்று நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். தோல் கிழிந்தால் உடனே நிறுத்தி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அதை அந்த நாய்க்கே உணவாகப் போடுவது, இவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்ததை ஒரே வாயில் அழிப்பதாகும்.

7. வயலும் நீரும்

வளவில் சரியாக வந்தது வயலில் வராது. நாய் இடத்தோடு சேர்த்துத்தான் பாடத்தை நினைவில் வைக்கிறது. முதல் நாள் வரம்பில் மறுபடி தும்புப் பொம்மையோடு நாலு யாரிலிருந்து தொடங்குங்கள். வேகமாக முன்னேறிவிடும், ஆனால் தொடக்கம் அங்கிருந்துதான்.

மண்டையோட்டுச் சிவப்புப் பலகை உள்ள பக்கம் ஒரு கல்லைக்கூட எறியாதீர்கள். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மிதிவெடி அகற்றும் வேலை முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன. நாய் அங்கே போனால் பின்னாலேயே போக மனம் சொல்லும், போகக் கூடாது. விசில் பழக்கத்தை இத்தனை உறுதியாக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

பெரிய குளத்தில் எறிய வேண்டாம். எங்கள் குளங்களில் முதலை உண்டு. முழங்கால் அளவு தெளிந்த நீர் ஓடும் வாய்க்கால் போதும். வைக்கோல் குவியலுக்கு அருகிலும் வேண்டாம். புடையன் பாம்பு படுத்திருக்கும். கொக்கிளாய்ப் பறவைச் சரணாலயம், சுண்டிக்குளம் தேசியப் பூங்கா போன்ற இடங்களின் பக்கம், ஊசிவால் தாராக்கள் வரும் மாதங்களில் மட்டுமல்ல, எந்த மாதத்திலும் நாயை அவிழ்த்துவிடக் கூடாது.

நீரில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கரையேறியதும் நாய் உடம்பை உதறும். உதறும்போது வாயில் உள்ளதைப் போடும். அதனால் நீங்கள் நீரின் விளிம்பிலேயே, பாதம் நனைய நின்று, அது உதறும் முன் கையை வைத்து வாங்குங்கள். பிறகு உதறட்டும். இது பழகியதும் ஒவ்வொரு நாளும் ஓரடி பின்னால் நில்லுங்கள். “தா” கேட்ட பிறகுதான் உதறலாம் என்று அதுவே கண்டுகொள்ளும்.

8. உயிருள்ள தாரா

காலைக் கட்டிய தாராவை எறிந்து பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். தாராவுக்கு அது கொடுமை. பதறி அடிக்கும் சிறகு நாய்க்குக் கொலைவெறியை ஏற்றும்.

மாறாக, நாயைக் கயிற்றில் கட்டித் தாராக்கூட்டத்தின் ஓரத்தில் தினமும் கால்மணி நேரம் சும்மா இருத்துங்கள். கூட்டம் அதற்குச் செய்தியல்ல என்றாகும் வரை. பிறகு, உண்மையிலேயே ஒரு தாரா பின்தங்கும் மாலைக்காகக் காத்திருங்கள். அந்த முதல் முறை, வாங்கும் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். குரல் உயர்ந்தால் பிடி இறுகும்.

தாராவை இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்து ஏந்தி, நாய் விட்ட பிறகு மார்போடு அணையுங்கள். நாயின் கண்ணெதிரே உயர்த்திக் காட்டாதீர்கள், பாயும். உடனே தும்புப் பொம்மையைக் கொடுங்கள். இங்கே பறவையைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அதற்கு ஈடாக ஏதாவது கட்டாயம் வேண்டும். குஞ்சுகளுக்கு நாயை அனுப்ப வேண்டாம். எவ்வளவு மென்மையான வாயிலும் அவை அதிர்ச்சியில் செத்துவிடும்.

9. நிறுத்த வேண்டிய இடங்கள்

எடுத்துக்கொண்டு ஓடும் நாயைத் துரத்தாதீர்கள். எதிர்ப்பக்கம் ஓடுங்கள், விசிலடியுங்கள். பெரும்பாலும் பின்னால் வரும். வந்ததும் எவ்வளவு கோபம் இருந்தாலும் தடவிக் கொடுங்கள். கடைசியாகச் செய்தது வந்ததுதான். அடி விழுந்தால் வந்ததற்கே விழும்.

உறுமுவது வேறு. பொம்மையின் மேல் தலையைக் கவிழ்த்து, உடல் விறைத்து, வெள்ளைவிழி தெரிய உறுமினால், அன்றைக்கு நிறுத்துங்கள். கையை நீட்டாதீர்கள். ஈரலைச் சற்று தூரத்தில் எறிந்து, அது போனதும் பொம்மையை எடுத்துவிடுங்கள். உறுமியதற்கு அடிக்காதீர்கள். அடித்தால் உறுமல் நிற்கும், எச்சரிக்கையில்லாமல் கடிப்பது தொடங்கும். ஒரு வாரம் மாற்று விளையாட்டுக்கு மட்டும் திரும்புங்கள், பிள்ளைகளை விலக்கி வையுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் அந்த நாயை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். காவலுக்கு நல்ல நாயாக இருக்கலாம்.

கடிபட்டால், சொந்த நாய்தானே என்று விடாதீர்கள். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழகிய நாயும் இடைவெளி விழுந்தால் மறக்கும். காலபோக (மாரிகால) நெல் வயலில் நிற்கும் மாதங்களில் எங்கள் தாராக்கள் வளவுக்குள்ளேயே இருக்கும், கறுப்பிக்கு வேலையில்லை. அறுவடை முடிந்து அவற்றை வயலில் இறக்கும் முன், மூன்று நாள் காலையில் அவளோடு குந்தியிருந்து தும்புப் பொம்மையை மாற்றிக்கொள்வேன். நாலாம் நாள்தான் தாராக்கூட்டின் கதவைத் திறப்பேன்.